மழலையின் முதல் மாதங்கள்: வளர்ச்சிப் படிகளும் எச்சரிக்கைக் குறிகளும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் பருவங்களைப் பத்தாகப் பகுத்தனர். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை எனப் பாட்டியல் மரபு மாதக் கணக்கும் வகுத்துள்ளது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. அமர்ந்து கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. முதலில் கழுத்து நிற்கும், பின்னர் முதுகு நிற்கும், அதன் பின்னரே கால் நிற்கும் என்னும் ஒழுங்கு இவ்வரிசையில் அமைந்திருப்பதைக் காணலாம். மூளையின் ஆளுகை தலையிலிருந்து காலை நோக்கிப் படிப்படியாகப் பரவுகிறது என இன்றைய உடலியல் கூறுவதும் இதனையே.

ஆயினும் எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே படியை எட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. உடல்நலமுள்ள குழந்தைகள் பற்றுக்கோடின்றி அமரும் காலம் 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனித்து நடக்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் பரந்திருந்தது. சில குழந்தைகள் தவழாமலே நடக்கத் தொடங்கின. ஆதலின் அண்டை வீட்டுக் குழந்தை ஒரு மாதம் முந்திவிட்டது என்று கலங்கத் தேவையில்லை. ஆனால் காலவரம்பின் மேல் எல்லையும் கடந்த பின்னர், ‘தானே சரியாகிவிடும்’ என்று காத்திருத்தல் கேடு விளைக்கும்.

காட்கோபரில் ஒரு தனி இடர்ப்பாடு

மும்பையின் காட்கோபர், மலைச்சரிவுக் குடியிருப்புகளும் நெருக்கமான சால் வீடுகளும் நிறைந்த பகுதியாகும். தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்ந்து வருகின்றன. காமராஜ் நகர் என்னும் பெயர் தாங்கிய குடியிருப்பும் அதன் கிழக்குப் பகுதியில் அமைந்ததே. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுள்ள குடும்பங்களில், பெண் தமிழ்நாட்டுக்குச் சென்று மகப்பேறு முடித்து, சில மாதங்கள் கழித்து மும்பைக்குத் திரும்புகிறாள். பிறந்த ஊரின் செவிலியர் எழுதிய குறிப்பு பல சமயங்களில் அங்கேயே தங்கிவிடுகிறது. மும்பையில் அவளைச் சந்திக்கும் ஊழியருக்கோ குழந்தையின் முற்காலம் தெரியாது. இவ்விடைவெளியில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் 32 வாரங்களில் பிறந்த ஒரு குழந்தை நான்காம் மாதத்தில் காட்கோபருக்கு வருகிறது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. “இவன் அப்பாவுக்கும் கழுத்து தாமதமாகத்தானம்மா நின்றது” என்கிறார் பாட்டி. ஊழியர் இங்கு இரு கணக்குகளைப் போடுதல் வேண்டும். குழந்தை 8 வாரங்கள் முன்னதாகப் பிறந்தது. எனவே வளர்ச்சியை மதிப்பிடுகையில் நான்கு மாதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களைக் கழிக்க வேண்டும். இதனைத் திருத்திய வயது என்பர். இரண்டு மாதக் குழந்தைக்குக் கழுத்து முழுதும் நிற்காதது குறையன்று. அவ்வளவில் பாட்டியின் ஆறுதல் பொருத்தமே.

ஆனால் அக்குழந்தை தாயின் முகத்தை நோக்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவும் இல்லை என்றால், அது திருத்திய வயதிலும் கவனிக்கத் தக்கது. ஊழியர் உடனே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: “பிறந்த ஒரு மாதத்திற்குள் கண் வைத்தியர் விழித்திரையைச் சோதித்தாரா?” 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுக்கும் 30 நாட்களுக்குள் இச்சோதனை இன்றியமையாதது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, அத்திரை பிரிந்து, நிலையான குருடு ஏற்படலாம். காலத்தில் கண்டால் லேசர் முதலிய சிகிச்சையால் பெரும்பாலும் தடுக்கலாம். முற்றிய பின் பார்வையை மீட்பது அரிது. கழுத்தைப் பற்றிய ஆறுதலான பேச்சில் கண்ணைப் பற்றிய வினா மறைந்துவிடலாகாது.

மாதந்தோறும் கவனிக்க வேண்டுவன

இரண்டாம் மாத முடிவில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூன்றாம் மாத முடிவில், அசையும் பொருளைக் கண்ணால் தொடர வேண்டும். நான்காம் மாத முடிவில், தோளில் நிமிர்த்திப் பிடித்தால் தலை ஆடாது நிற்க வேண்டும். ஆறாம் மாதத்தையொட்டி ஒலி வரும் திசைக்குத் திரும்பவும், பொருளை எட்டிப் பற்றவும் வேண்டும். ஒன்பதாம் மாதத்தைக் கடந்தும் தானே அமராத குழந்தையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மாதம் எதுவாயினும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க குறிகள் சில உண்டு. உடல் மரக்கட்டைபோல் விறைத்திருத்தல் அல்லது துணிபோல் துவண்டு கிடத்தல். மூன்று மாதங்களுக்குப் பின்னும் கைகள் எப்போதும் இறுக மூடியிருத்தல். ஓராண்டு நிறையுமுன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல். கண்மணியில் வெண்மை தோன்றுதல். உரத்த ஒலிக்கும் அசையாதிருத்தல். முன்பு செய்த ஒன்றைச் செய்ய மறந்துவிடுதல் ஆகியன அவை. இறுதியாகக் கூறியது எவ்வயதிலும் தாமதமின்றிக் கவனிக்கத் தக்கது.

திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் வகுத்த அட்டை இப்பணிக்கு எளிய கருவியாகும். இரண்டு வயது வரைக்குமான 17 செயல்கள் அதில் உள்ளன. குழந்தையின் மாதத்திற்கு நேராக ஓர் எழுதுகோலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்புறம் முடிந்துவிடும் செயல்களையெல்லாம் குழந்தை செய்திருத்தல் வேண்டும்.

மணிக்கணக்கில் காத்திருக்கலாகாத குறிகள்

மேற்கூறியவை நாட்களில் கவனிக்கத் தக்கவை. முதல் இரண்டு மாதங்களில், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குறிகள் வேறு. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஏழு குறிகளை வரையறுத்தது: பால் குடிக்க இயலாமை; வலிப்பு; தூண்டினாலன்றி அசையாமை; நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு; மூச்சிழுக்கையில் மார்பின் அடிப்பகுதி ஆழமாக உட்குழிதல்; உடல் வெப்பம் 37.5 சென்டிகிரேடு அல்லது அதற்கு மேல் இருத்தல், 35.5க்குக் கீழ் தணிதல். மூச்சை முழு நிமிடம் எண்ணி, மிகுந்திருப்பின் மறுமுறையும் எண்ணுதல் வேண்டும். பிறந்த முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் காமாலையும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சளும் அவ்வாறே அவசரமானவை.

வீடு தேடிச் செல்லும் ஊழியரால் ஆவது என்ன என்பதற்கு மகாராஷ்டிரமே சான்று. கட்சிரோலி மாவட்டத்துக் கிராமங்களில் டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து நடத்திய பணியால், பச்சிளங் குழந்தைகளின் மரணம், ஒப்பிட்ட பகுதியை நோக்க, 62 சதவீதம் குறைந்தது என 1999இல் அறியப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் காணும் தேசியத் திட்டம் 2011இல் தொடங்கியது. 3 முதல் 15 மாதம் வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை காணும் திட்டம் 2018இல் சேர்ந்தது. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் இளமையிலேயே கண்டறியும் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் 2013இல் தொடங்கப்பட்டது.

வீட்டாரிடம் கூறத்தக்கவை

பிறந்தவுடன் சீனித்தண்ணீரும் தேனும் வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். தூளியில் துயில்வதில் தவறில்லை. எனினும் விழித்திருக்கும் நேரம் முழுவதும் அதிலேயே கழிந்தால் குழந்தைக்குக் கழுத்தும் தோளும் உறுதிபெற வாய்ப்பில்லை. தாயின் பார்வையில், பாயில் சிறிது நேரம் குப்புறப் படுக்க வைத்தல் நன்று. உறங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வேண்டும். இடமில்லாத ஒற்றை அறை வீட்டிலும் முகத்துக்கு முகம் பேசுவதற்கு இடமுண்டு. அப்பேச்சு தமிழாயினும் மராத்தியாயினும் குழந்தையின் மூளைக்கு உணவாகும்.

ஊருக்குச் செல்லும் கர்ப்பிணியிடம், தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைக் கையோடு கொண்டுசென்று கையோடு கொண்டுவரச் சொல்லுதல் ஊழியரின் முதற் கடமை. திரும்பிய தாயிடம் எத்தனை வாரத்தில் பிறந்தது, என்ன எடை, உடனே அழுததா, கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா என்னும் நான்கு வினாக்களைக் கேட்டு அட்டையில் எழுதுதல் இரண்டாவது. ஐயம் எழுந்தால் காட்கோபரிலுள்ள மாநகராட்சியின் ராஜாவாடி மருத்துவமனைக்கோ, சயானிலுள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனைக்கோ அனுப்பிவிட்டு, குழந்தை அங்குச் சென்றதா என்று மறுவாரம் வீட்டிற்கே சென்று கேட்டறிதல் மூன்றாவது. இம்மூன்றாம் கடமையோடுதான் ஊழியரின் பணி நிறைவு பெறுகிறது.