ஒரு மருத்துவிச்சியின் நிழற்படங்கள்

உருவப்படம் என்றவுடன், திரைச்சீலையின் முன் அசையாது அமர்ந்திருக்கும் ஒருவரையே பலரும் நினைக்கின்றனர். அத்தகைய படம் முகத்தைக் காட்டும், தொண்டைக் காட்டாது. நோயாளரைப் பேணுவோர், முதியோரைத் தாங்குவோர், மகப்பேறு பார்ப்போர் ஆகியோரின் சிறப்பு அவர்தம் கைகளிலேயே விளங்குகின்றது. அக்கைகள் தொழிற்படும் வேளையிற் படம்பிடித்தாலன்றி அவர்களை முழுமையாக அறிதல் இயலாது. இதனை நன்குணர்ந்தவர் யூஜீன் சிமித் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர்.

1951ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி ‘லைஃப்’ சஞ்சிகையில் வெளிவந்த அவருடைய படத்தொகுதி, மோட் கலன் என்னும் கறுப்பினத் தாதியைப் பற்றியது. 1898இற் பிறந்த கலன் அம்மையார், 1923இல் தென் கரோலைனா மாநிலத்தின் பைன்வில் என்னும் சிற்றூருக்கு வந்தார். வறுமையும் வைத்தியர் பற்றாக்குறையும் மிகுந்த பகுதி அது. ஏறத்தாழ 400 சதுர மைற் பரப்பிற் சிதறிக் கிடந்த வீடுகளுக்குச் சென்று அவர் பிரசவம் பார்த்தார், நோயாளரைக் கவனித்தார், ஊர் மருத்துவிச்சிகளுக்குச் சுகாதார முறைகளைக் கற்பித்தார்.

சிமித் பல வாரங்கள் அவருடன் தங்கிப் பணியைக் கவனித்தார். 1948இற் கொலராடோவின் கிராம வைத்தியர் ஒருவரைப் படம்பிடிப்பதற்கும் அவர் 23 நாட்கள் செலவிட்டிருந்தார். ஒரே நாளில் வந்து மீள்பவருக்குப் புலப்படுவது புறத்தோற்றமே. நாட்கள் செல்லச் செல்லவே மக்கள் படக்கருவியை மறந்து தம் இயல்பிலே நிற்பர்.

இத்துறையிற் பெரும் இடர் ஒன்றுண்டு. தொண்டரைப் படம்பிடிக்கும்போது, துன்புறுவோரும் தம் மிகத் தளர்ந்த நிலையிற் படத்துள் வருகின்றனர். அவர்களை இரக்கத்துக்குரிய காட்சிப்பொருளாக்கிவிடுதல் எளிது. சிமித்தின் படங்களிலோ பிரசவ வேதனையுறும் தாயும் அவளைத் தாங்கும் மருத்துவிச்சியும் சம மதிப்புடன் தோன்றுகின்றனர். நிறவெறுப்பு மேலோங்கிய காலத்திலே, கறுப்பினப் பெண்ணொருவரை அறிவும் ஆற்றலும் நிறைந்த தொழில் வல்லுநராக இலட்சக்கணக்கான வாசகர் கண்டனர்.

கண்டோர் வாளாவிருக்கவில்லை. சிகிச்சை நிலையம் ஒன்று அமையவேண்டும் என்ற அம்மையாரின் நெடுநாள் விருப்பம் நிறைவேற, வாசகர்கள் ஆயிரக்கணக்கான டொலர்களை அனுப்பினர். 1953இற் பைன்வில்லில் அந்நிலையம் திறக்கப்பட்டது. 1971இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கே பணியாற்றினார், 1990இற் காலமானார்.

எனினும், படங்களின் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. அவை ஒரு நிலையத்தை எழுப்பத் துணைபுரிந்தன. அம்மக்களை வறுமையிலும் ஒதுக்கத்திலும் வைத்திருந்த சட்டங்களை மாற்றவில்லை. இனப் பாகுபாட்டை விலக்கிய குடிசார் உரிமைகள் சட்டம், நீண்ட போராட்டத்தின் பின், 1964இலேயே நிறைவேறியது. கொடையாளரின் இரக்கம் நீதிக்கு ஈடாகாது.

ஆயினும், காணாத துன்பத்துக்கு எவரும் உதவுவதில்லை. ஊருக்குழைக்கும் தாதியையோ, முதியோரைப் பராமரிப்பவரையோ படம்பிடிக்க முனைவோர் முதலிற் காலத்தைக் கொடுத்தல் வேண்டும். பராமரிக்கப்படுவோரின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். எடுத்த படத்தால் அவ்வூருக்கு யாது நன்மை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.