பல அளவைகளும் ஒரு பொதுப் படிவமும்

நம் சங்கத்தில் நூல் வாங்கும் நெசவாளரிடம் ‘நாற்பதாம் நம்பர்’ என்று சொன்னால் அவருக்கு ஐயம் எழுவதில்லை. பருத்தி நூலுக்கு வழங்கும் ஆங்கிலக் கணக்கின்படி, 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறை இருக்குமாயின் அது நாற்பதாம் நம்பர் நூல். ஆனால் ‘40’ என்னும் அந்த எண் அளவையின் பெயரின்றிக் கணிப்பொறிக்குள் புகுமாயின் நிலைமை முற்றும் வேறாகிவிடும்.

மெட்ரிக் நம்பர் முறையில் 40 என்பது ஒரு கிலோகிராமுக்கு 40,000 மீட்டர் நீளமுள்ள நூலாகும். டெக்ஸ் முறையிலோ, 1,000 மீட்டர் நூலின் நிறை 40 கிராம் என்பது பொருள். எனவே ஒரு கிலோவுக்கு 25,000 மீட்டரே கிடைக்கும். பட்டுக்கும் செயற்கை இழைக்கும் வழங்கும் டெனியர் முறையில் 9,000 மீட்டரின் நிறை 40 கிராம். அதாவது கிலோவுக்கு 2,25,000 மீட்டர். நாம் அறிந்த ஆங்கில நாற்பதிலோ கிலோவுக்கு ஏறத்தாழ 67,700 மீட்டர் உண்டு. ஒரே எண்ணுக்கு நான்கு வெவ்வேறு நூல்கள்! ஆங்கில முறையிலும் மெட்ரிக் நம்பரிலும் எண் உயர உயர நூல் மென்மையாகும். டெக்ஸிலும் டெனியரிலும் எண் உயர உயர நூல் தடிக்கும். ஆங்கில நாற்பதை எதிர்பார்த்த நெசவாளருக்கு டெக்ஸ் நாற்பது வந்து சேருமாயின், பாவுக்கு நூல் போதாமற்போகும், துணியும் முரடாகும்.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இந்த இடர்ப்பாடு உண்டு. நம் நாட்டில் ஒரு பொதி 170 கிலோ. அமெரிக்கக் கணக்கில் அது 480 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 218 கிலோ. விலை சொல்வதோ ஏறத்தாழ 356 கிலோ கொண்ட கண்டிக்கு. ‘நூறு பொதி’ என்று மட்டும் எழுதினால், எந்தப் பொதி என்பதைப் பொறுத்து 4,700 கிலோவுக்கு மேல் வேறுபாடு நேரும். தேதியும் இத்தகையதே. 03-04-2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4.

நூற்பாலை, சாயப்பட்டறை, பஞ்சு அரைவை ஆலை ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் வழக்கப்படி விவரங்களைப் பதிந்து அனுப்பும்போது, அவற்றைத் திரட்டி ஒரு பொதுப் படிவத்துக்குக் கொணரும் மென்பொருள் தேவைப்படுகிறது. அதனை அமைப்போர் கருத்திற்கொள்ள வேண்டுவன நான்கு.

முதலாவது, நடுவில் ஒரு பொதுப் படிவத்தை நிறுவுதல். பத்து இடங்களில் பத்து வகைப் பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற ஒன்பதாக மாற்றுவதற்கு 90 மாற்று நிரல்கள் வேண்டும். பொதுப் படிவம் ஒன்று இருப்பின் உள்ளே வர 10, வெளியே செல்ல 10, ஆக 20 நிரல்களே போதும். பதினோராவது ஆலை வந்து சேர்ந்தாலும் இரண்டு நிரல்களே கூடும்.

இரண்டாவது, எண்ணையும் அதன் அளவையையும் பிரியாது வைத்தல். ‘40’ என்று மட்டும் பதிய இடங்கொடாது, ‘40, ஆங்கில நம்பர்’ என்றே ஏற்றல் வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் சர்வதேசத் தரம் 1988-இல் வெளியாயிற்று. அதன்படி மேற்சொன்ன ஏப்ரல் நாளை 2024-04-03 என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது, ஊகித்து நிரப்பாமை. அளவை தெரியாத எண் வந்தால் கணிப்பொறி அதனைத் தனியே ஒதுக்கி, அனுப்பியவரிடம் கேட்கும்படி அறிவித்தல் வேண்டும். நாற்பது என்பது ஆங்கில நம்பருக்கும் டெக்ஸுக்கும் பொருந்தக்கூடிய எண்ணாதலால், பார்த்த மாத்திரத்தில் பிழை புலப்படாது. நூலின் நீளமும் நிறையும் உடன் பதியப்பட்டிருந்தால், அவற்றிலிருந்து நம்பரைக் கணக்கிட்டு ஒத்துப்பார்க்கலாம்.

நான்காவது, மூலப் பதிவைப் போற்றுதல். ஆங்கில நாற்பது என்பது 14.76 டெக்ஸ். அதனை 15 என்று முழுதாக்கி வைத்துக்கொண்டு, பின்னர் ஆங்கில நம்பருக்குத் திருப்பினால் 39.4 என்று வரும். வந்த எண்ணை வந்தபடியே காத்துவைத்தால்தான் பிற்காலத்தில் தவறு கண்டு திருத்த இயலும்.

இவற்றைப் புறக்கணித்தால் நேரும் கேட்டுக்குச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் செவ்வாய்க் கோளுக்கு ஒரு கலத்தை அனுப்பியது. அதன் உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அளவையில் தந்தது. வழிகாட்டும் குழுவினரோ அதனை நியூட்டன் அளவை என்று கொண்டனர். இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. 1999 செப்டம்பர் 23 அன்று அக்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொடர்பிழந்து அழிந்தது. கூட்டலிலோ பெருக்கலிலோ பிழையில்லை. அளவையின் பெயர்தான் உடன் வரவில்லை.

இத்தகைய சீர்திருத்தம் நமக்குப் புதியதன்று. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறியிருந்த நாட்டில், 1956-இல் இயற்றப்பட்ட நிறை அளவுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அன்று தராசுக்குச் செய்ததையே இன்று கணிப்பொறிப் பதிவுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

இது நிரல் எழுதுவோரின் பொறுப்பு மட்டுமன்று. மென்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், நாம் எழுதாது விட்டதை அது அறியாது. ஆகவே அங்கத்தினர்கள் நூல் வாங்கும் சீட்டிலும், பஞ்சு ஒப்படைக்கும் சீட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அளவையை எழுதியிருக்கிறார்களா என்று பார்த்த பின்னரே கையெழுத்திடல் வேண்டும். நம் உழைப்பின் கணக்கு அந்த ஒரு சொல்லையும் சார்ந்திருக்கிறது.