ஆற்றுக்கு மாவட்ட எல்லை கிடையாது

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைத்தான் பேசுகிறோம். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. அதற்கும் மேலே இருக்கிற முடிச்சூரும் வரதராஜபுரமும் அன்று மூழ்கின. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். ஓர் ஊருக்கு எங்கிருந்து தண்ணீர் வரும் என்பதை அந்த ஊர்க்காரரே பார்த்துத் தெரிந்துகொள்ள, மாவட்ட எல்லையோடு நின்றுவிடாமல் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் காட்டும் இணைய வரைபடம் பொதுவில் இருக்க வேண்டும்.

அதற்கான அடித்தளம் இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றிவந்து ராடாரால் பூமியின் மேடுபள்ளங்களை அளந்தது. அந்தத் தரவு நிலத்தைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தருகிறது. ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் சரிவு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் ஓடும் என்று கணினி கணக்கிடும். பயனர் வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டால், அங்கே வந்துசேரும் கட்டங்களை எல்லாம் பின்னோக்கித் தேடி வண்ணமிடும். மழைமானி அளவுகளையும் ஏரிகளின் நீர்மட்டத்தையும் அதன்மேல் அடுக்கலாம்.

அடையாற்றுப் படுகை போன்ற சமவெளியில் இந்தக் கணக்கு பிசகும் என்பார்கள். உண்மைதான். சில மீட்டர் அகல ஏரிக்கரை 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகும். நீர் வெளியேற வழியில்லாத பள்ளங்களைப் பிழை என்று கருதி நிரப்பிவிடுவது இத்தகைய மென்பொருளின் வழக்கம். நம் ஊரிலோ அந்தப் பள்ளம் ஏரியாக இருக்கும். எனவே கலங்கல் மட்டம், மதகு, வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் ஆகியவற்றை நேரில் அளந்து சேர்க்க வேண்டும். தூர்ந்த கால்வாயை நன்கறிந்தவர் பாசனம் செய்யும் விவசாயி. வரைபடம் பொதுவில் இருந்தால்தான் அவர் பிழையைச் சுட்டிக்காட்ட முடியும். அதைச் சரிபார்த்துத் திருத்துவது பொறியாளரின் வேலை.

வெள்ளம் வரும் இடத்தை வெளிப்படையாகக் காட்டினால் மனை விலை சரியும், மக்கள் பதறுவார்கள் என்று இன்னொரு ஆட்சேபம் எழும். விலை சரியலாம். ஆனால் மறைப்பதால் இழப்பு நீங்குவதில்லை. விவரம் அறியாமல் கடன் வாங்கி வீடு கட்டியவர் தலையில் போய் விழுகிறது. மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த இடத்துக்கு மேலே எத்தனை ஏரிகள் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.