கல்லின் மேல் ஓர் எண்

ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் குவார்ட்சைட் கைக்கோடாரிகளைக் கண்டெடுத்தனர். இங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு பின்னர் காட்டியது. மண்ணடுக்கின் காந்தத் தடயமும், கல்லில் தங்கிய அலுமினிய, பெரிலிய ஐசோடோப்புகளும் சொன்ன கணக்கு அது.

எந்தக் குழி, எந்த ஆழம் என்ற குறிப்பை இழந்த கருவி, எத்தனை அழகாக இருந்தாலும் பாதி ஊமை. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதை நேராகக் கல்லில் எழுதுவது முறையல்ல. கூர்விளிம்பை விட்டு விலகி, கண்ணில் அதிகம் படாத இடத்தில் பாராலாய்டு பி-72 பிசினை மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் மையால் எழுத வேண்டும். தேவைப்பட்டால் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம், கல்லுக்குக் கறையில்லை. செய்ததைத் திரும்ப எடுக்க முடியவேண்டும் என்பது உலகெங்கும் பாதுகாப்பாளர்கள் போற்றும் நெறி.

கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிப்பதும் கூடாது. உரசலில் விழும் புதுத் தழும்பு, ஆதிமனிதர் பயன்படுத்தியதால் விழுந்த தழும்பென்று ஆய்வாளரை ஏமாற்றிவிடும்.

ஃபூட்டின் சேகரிப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் விளக்க அட்டவணை அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1914-இல் வெளியானது.

வயலிலோ ஓடையிலோ இத்தகைய கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள். கிடந்தபடியே படமெடுத்து, பூண்டி தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் தெரிவியுங்கள்.