நாடோடியும் தத்துவ ஞானியும்

‘நாடோடி’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஒருங்கே எழுகின்றன. வீடு வாசல் அற்றவன், நம்பத் தகாதவன் என்பது ஒன்று. கட்டும் காவலும் அறியாதவன், நாம் இழந்துவிட்ட சுதந்திரத்தை இன்னும் கைவிடாதவன் என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஆயினும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன. ஐரோப்பாவின் அறிவுலகத்திலும் சென்ற முந்நூறு ஆண்டுகளாக இதே விந்தையைக் காண்கிறோம். அங்கே அவ்வெண்ணங்கள் வெறும் எண்ணங்களாக நின்றுவிடவில்லை. சட்டங்களாகவும் சர்க்கார் உத்தரவுகளாகவும் உருவெடுத்து, லட்சக்கணக்கான மக்களின் வாழ்வைப் பாதித்தன. ஆகவே அவ்வரலாற்றைச் சற்றே ஆராய்வது வீண் வேலை ஆகாது.

ஐரோப்பிய மொழிகளில் நாடோடியைக் குறிக்கும் ‘நோமாட்’ என்னும் சொல் கிரேக்க பாஷையிலிருந்து வந்தது. பங்கிடுதல், மேய்த்தல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லே அதற்கு வேர். சட்டத்தைக் குறிக்கும் ‘நோமொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். மேய்ச்சலும் சட்டமும் ஒரு தாய் மக்கள்! பிற்காலத்தில் அவ்விரண்டும் எவ்வாறு பகையாயின என்பதே நாம் சொல்ல வந்த கதை.

நான்கு படி ஏணி

பதினெட்டாம் நூற்றாண்டில் மனித சமூகத்தின் வளர்ச்சியை ஓர் ஏணியாகக் காணும் வழக்கம் ஐரோப்பிய அறிஞரிடையே வேரூன்றியது. 1748-ம் ஆண்டில் வெளியான தமது சட்ட ஆராய்ச்சி நூலில் பிரெஞ்சு ஆசிரியர் மாண்டெஸ்கியூ, வேட்டையாடும் மக்களையும் மந்தை மேய்க்கும் மக்களையும் உழவரினின்றும் பிரித்துக் காட்டினார். 1760-களில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆடம் ஸ்மித் செய்த சொற்பொழிவுகளில் ஏணி முழு உருவம் பெற்றது: வேட்டை, மேய்ச்சல், உழவு, வாணிபம். பள்ளிக்கூடங்களில் சரித்திரம் கற்பிக்கும் நம்மவர்க்கு இந்த வரிசை மிகவும் பழகியதே.

பார்வைக்கு இது வெறும் வகுப்புப் பாடம். ஆனால் ஏணி என்று ஒன்று இருந்தால் அதில் மேற்படியும் கீழ்ப்படியும் உண்டல்லவா? நிலத்தில் உழைத்தவனுக்கே நிலம் சொந்தம் என்ற கொள்கையை 1689-லேயே ஆங்கிலேயரான லாக் வெளியிட்டிருந்தார். ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்த வாட்டெல் என்ற சட்ட நிபுணர் 1758-ல் இன்னும் ஓர் அடி முன் சென்றார். நிலத்தை உழுது பயிரிடுவது ஒவ்வொரு ஜாதியாரின் இயற்கைக் கடமை. பரந்த நிலத்தில் திரிந்து வாழ்வோர், பிறர் வந்து அதில் ஒரு பகுதியில் குடியேறினால் முறையிட இடமில்லை என்பது அவர் கருத்து. அமெரிக்காவின் ஆதிக்குடிகளிடமிருந்து நிலத்தைப் பறித்தவர்களுக்கு இதைவிட வசதியான வேதம் வேறு கிடைக்குமா? 1788-ல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். அம்மண்ணின் ஆதிக்குடிகளுக்கும் நிலத்தில் பாத்தியதை இருந்தது என்று அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொள்வதற்கு 1992-ம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

காண்ட் கண்ட இருவேறு நாடோடிகள்

ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட், தாம் பிறந்த கோனிக்ஸ்பர்க் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டித் தொலைதூரம் சென்றவரல்லர். 1781-ல் வெளியான தமது பெருநூலின் முகவுரையில், எதையும் ஐயுறும் தத்துவவாதிகளை அவர் நாடோடிகளுக்கு ஒப்பிட்டார். ஓரிடத்தில் நிலைத்துப் பயிர் செய்வதை வெறுப்பவர்கள் என்பது ஒப்புமையின் கருத்து. இங்கே நாடோடி ஓர் இகழ்ச்சிச் சொல்.

ஆனால் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1797-ல் நீதி சாஸ்திரம் பற்றி எழுதும்போது அதே காண்ட் வேறு விதமாகப் பேசுகிறார். மேய்த்தும் வேட்டையாடியும் வாழும் மக்களின் வாழ்வு பரந்த வெளியையே நம்பியிருக்கிறது, அங்கே அயலார் குடியேற விரும்பினால் உடன்படிக்கை செய்துகொண்டே குடியேற வேண்டும், பலாத்காரம் கூடாது, அம்மக்களின் அறியாமையைப் பயன்படுத்தும் உடன்படிக்கையும் கூடாது என்று அவர் தீர்ப்புக் கூறினார். உவமையாக வந்த நாடோடியை இகழ்ந்தவர், மனிதனாக வந்த நாடோடிக்கு நியாயம் வழங்கினார். பின்வந்தவர்களிற் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டதுதான் பரிதாபம்.

பாட்டில் அரசி, தெருவில் குற்றவாளி

ஐரோப்பாவின் நாடோடிகளுள் முக்கியமானவர்கள் ஜிப்ஸிகள் என்று பிறர் அழைத்த ரோமா மக்கள். அவர்களது பூர்விகம் நம் பாரத தேசம். இதை மொழி ஆராய்ச்சியின் மூலம் நிலைநாட்டியவர்களுள் ஒருவர் 1783-ல் நூல் வெளியிட்ட கிரெல்மான் என்ற ஜெர்மானியர். ரோமா பாஷையில் தண்ணீருக்குப் ‘பானி’ என்றும், மூக்குக்கு ‘நாக்’ என்றும், மனிதனுக்கு ‘மனுஷ்’ என்றும் பெயர். வேறு சான்றும் வேண்டுமோ? ஆனால் அவர்களது பிறப்பிடத்தைக் கண்டுபிடித்த அதே நூல் அவர்களை இழிந்தவர்களாகவே சித்திரித்தது. அக்காலத்தில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தினி மேரியா தெரேஸாவும் அவர் மகன் இரண்டாம் ஜோஸப்பும், ரோமா மக்களை உழவராக்கும் பொருட்டு அவர்கள் மொழியையும் உடையையும் அலைதலையும் தடுத்தனர். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பிறர் வீட்டில் வளர்க்கவும் உத்தரவிட்டனர்.

இதற்கிடையே மற்றொரு காற்றும் வீசியது. நிலத்துக்கு வேலி கட்டியதிலிருந்தே மனிதரிடையே ஏற்றத்தாழ்வு வளர்ந்தது என்று ரூஸோ 1755-ல் எழுதியிருந்தார். பதினாறாவது வயதில் ஜினீவா நகரைவிட்டு வெளியேறி ஊர் ஊராகத் திரிந்தவர் அவர். அவருக்குப் பின் வந்த கவிகளும் கதாசிரியர்களும் நாடோடியைக் கொண்டாடத் தொடங்கினர். ருஷ்யக் கவி புஷ்கின் ஜிப்ஸிகளைப் பற்றிய காவியத்தை 1827-ல் வெளியிட்டார். மெரிமேயின் கதையைத் தழுவிய ‘கார்மென்’ இசை நாடகம் 1875-ல் பாரிஸில் அரங்கேறியது. அரங்கிலே ஜிப்ஸிப் பெண் அரசி. வெளியே தெருவில் அவள் சகோதரி சந்தேகத்துக்கு உரியவள்! 1912-ல் பிரெஞ்சு தேசம் இயற்றிய சட்டப்படி, நாடோடிகள் தங்கள் புகைப்படமும் கைரேகையும் உடல் அளவுகளும் அடங்கிய புத்தகம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். ஸ்விட்ஜர்லாந்திலோ 1926 முதல் 1973 வரை ஏறக்குறைய 600 குழந்தைகள் நாடோடிக் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டனர். ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட ரோமா மக்களின் தொகை இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்பது சரித்திர ஆசிரியர்களின் கணக்கு.

இந்த நோய் நம் நாட்டையும் விடவில்லை. 1871-ல் ஆங்கில சர்க்கார் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பல அலைகுடிகளைப் பிறவிக் குற்றவாளிகளாகவே பதிவு செய்தது. அச்சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சுதந்திர பாரதம் 1952-ல் அதை ஒழித்தது.

வேரும் சிறகும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடோடி மனத்துக்குள்ளேயே புகுந்துவிட்டான். 1869-ல் தம் பிரஜா உரிமையைத் துறந்தவரும், 1879-ல் ஆசிரியப் பதவியை விட்டு ஆல்ப்ஸ் மலைக்கும் இத்தாலிக்கும் இடையே விடுதி விடுதியாக வாழ்ந்தவருமான நீட்சே, எந்தக் கொள்கையிலும் நிரந்தரமாகக் குடியேறாத சிந்தனையையே மேலானதாகக் கருதினார்.

அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1897-ல் பாரே என்ற பிரெஞ்சு ஆசிரியர், பிறந்த மண்ணிலிருந்து வேரறுந்த இளைஞர் கெடுவதை ஒரு நாவலாக எழுதினார். தந்தை தென்னாட்டார், தாய் வடநாட்டார், தாம் பிறந்ததோ பாரிஸில். தாம் எங்கே வேரூன்றுவது என்று கேட்டு அவரை மடக்கினார் ஆந்த்ரே ழீத். தேசாபிமானிகளாகிய நாம் இந்த விவாதத்தைக் கவனிப்பது நலம். வேரைப் போற்றிய பாரே, யூதர்களை அயலாராகவே கருதி வெறுத்தவர். மண்ணிடத்து அன்பு வேறு. அயலாரிடத்து வெறுப்பு வேறு. 1943-ல் லண்டனில் இருந்துகொண்டு எழுதிய ஸிமோன் வேய் அம்மையார் இதை நன்கு உணர்ந்திருந்தார். வேரூன்றுதல் ஆத்மாவின் இன்றியமையாத தேவை என்று அவர் சொன்னார். ஆனால் படையெடுப்பும் பண ஆசையுமே மக்களை வேரறுக்கின்றன என்று, பழியை வேரறுந்தவர் மீது சுமத்தாமல் வேரறுப்போர் மீதே சுமத்தினார்.

1980-ல் டெலூஸ், கட்டாரி என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்ட நூல் நாடோடியைத் தத்துவத்தின் நாயகனாக்கிற்று. அலைபவன் என்பதல்ல நாடோடியின் இலக்கணம். புல்வெளி சுருங்கினாலும் அதை விட்டகலாமல் பற்றி நிற்பவனே நாடோடி என்ற அழகிய கருத்தை, சரித்திர ஆசிரியர் டாயின்பீயிடமிருந்து அவர்கள் எடுத்து விரித்தனர். ஆயினும் அந்நூல் பாரிஸில் வெளிவந்தபோது, அதே தேசத்தின் நாடோடிகள் போலீஸாரிடம் காட்டுவதற்கென்று யாத்திரைப் புத்தகம் சுமந்துகொண்டிருந்தார்கள். 1912-ம் ஆண்டின் சட்டம் 1969-ல் மாறியது. புத்தகமோ 2017-ல்தான் அடியோடு ஒழிந்தது.

நான்கு படி ஏணியின் கடைசிக் கொடுமையையும் சொல்லாமலிருக்க முடியாது. கஸாக் மக்களை மந்தை வாழ்விலிருந்து கூட்டுப் பண்ணை வாழ்வுக்கு ‘உயர்த்த’ முற்பட்ட ஸோவியத் சர்க்கார், கால்நடைகளையும் தானியத்தையும் பறிமுதல் செய்தது. 1930 முதல் 1933 வரை நேர்ந்த பஞ்சத்தில் அங்கே சுமார் 15 லட்சம் பேர் மாண்டனர்.

இகழ்ந்தவர்கள் நாடோடியைக் கீழ்ப்படியில் கண்டார்கள். புகழ்ந்தவர்கள் அவனை உவமையாகக் கண்டார்கள். அவனுடைய மேய்ச்சல் நிலத்தையும், குழந்தைகளையும், பசியையும் கண்டவர்கள் சிலரே. ஒரு தேசத்தின் நாகரிகத்தை அளக்க நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. அந்தத் தேசம் தன்னிடம் விலாசம் இல்லாதவனை எப்படி நடத்துகிறது? இந்தக் கேள்வியை ஐரோப்பாவிடம் மட்டுமன்றி, நம் ஊர்ப் புறம்போக்கில் கூடாரம் அடித்துத் தங்குபவர்களைப் பார்த்துக்கொண்டு நம்மிடமும் கேட்டுக்கொள்வோமாக.