வீட்டுக் கூடத்தில் ஒரு பொதுத் தேர்தல்

புது தில்லி: உறவினர்கள் கூடும் இடத்தில் அரசியல் பேச வேண்டாம் என்பது தலைநகரின் பல நடுத்தர வர்க்க வீடுகளில் எழுதப்படாத விதி. அந்த விதியை மீறினால்தான் ஆடவே முடியும் என்ற நிபந்தனையோடு வந்த பலகை விளையாட்டு 'ஷாஸன்'. ஹிந்தியில் ஆட்சி என்று பொருள்படும் இதை வடிவமைத்தவர் ஜைன் மேமன். திரைப்பட இயக்குநர் ஆனந்த் காந்தி நிறுவிய மெமிஸிஸ் கல்ச்சர் லேப், 2019-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாக ஆர்வலர்களிடம் முன்பணம் திரட்டி இதை வெளிக்கொணர்ந்தது.

சதுரங்கமும் லூடோவும் பழகிய குடும்பத்துக்கு முதல் அரைமணி நேரம் திணறலாகவே இருக்கும். விதிகள் அத்தனை. இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஆடலாம்; ஒவ்வொருவரும் ஓர் அரசியல்வாதி. ஒருவரின் முறை வரும்போது, மற்றொருவர் கொள்கை அட்டை ஒன்றை எடுத்து உரக்க வாசிப்பார். பொதுவாழ்வில் சர்ச்சைக்குள்ளாகும் ஏதேனும் ஒரு கேள்வி, இரண்டே பதில்கள். ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அதனால் கிடைக்கும் பலன் என்ன என்பது பதில் சொன்ன பிறகே தெரியும். பணம், செல்வாக்கு, ஊடக பலம், மக்கள் நம்பிக்கை ஆகிய நான்கில் சில கைக்கு வந்து சேரும். கூடவே முதலாளித்துவவாதி, பகட்டு நாயகர், சர்வ அதிகாரத் தலைவர், இலட்சியவாதி என்னும் நான்கு முத்திரைகளுள் ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். ஒரே முத்திரை சேரச் சேர, அதற்குரிய சிறப்பு அதிகாரங்கள் திறக்கும்.

சேர்த்ததைச் செலவிட்டு வாக்காளர்களைப் பெற்று, பலகையில் உள்ள மண்டலங்களில் நிறுத்த வேண்டும். சூட்சுமம் இங்குதான் தொடங்குகிறது. தொடக்கத்தில் மனசாட்சிப்படி பதில் சொன்னவர்கள், கையிருப்பு குறைந்ததும் பதிலை மாற்றிக்கொள்ளத் தலைப்படுவர். நம்பிக்கை மிகுதியாக இருந்தும் பணமில்லாத இலட்சியவாதி, எப்படிச் சொன்னால் பணம் வரும் என்று கணக்கிடுவார். எதிரே அமர்ந்திருக்கும் தங்கையோ மாமாவோ அந்தத் தருணத்தைச் சும்மா விடுவதில்லை. கொள்கை எந்த இடத்தில் வளைகிறது என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களைக் காட்டிலும் இந்தப் பலகை தெளிவாகக் காட்டிவிடுகிறது.

அதிக வாக்காளர்களைச் சேர்த்தவர் வென்றுவிடுவதுமில்லை. ஒரு மண்டலத்தில் பெரும்பான்மையை எட்டாத வாக்குகள் இறுதிக் கணக்கில் சேரா. 2014 மக்களவைத் தேர்தலில் 31 சதவீத வாக்குகளுடன் பாரதிய ஜனதா 282 இடங்களை வென்றதும், நாடு முழுவதும் 4 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்று மூன்றாம் இடத்தில் நின்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓரிடம்கூடக் கிட்டாமல் போனதும் இதே கணக்குதான். அத்தேர்தலில் தமிழகத்தில் திமுகவும் இந்தக் கசப்பைச் சுவைத்தது.

மிகுந்த கூச்சலை எழுப்பும் விதி வேறொன்று. ஒரு மண்டலத்தில் பெரும்பான்மை பெற்றவர் அங்குள்ள வாக்காளரை அண்டை மண்டலத்துக்கு நகர்த்தலாம், எதிராளியின் வாக்காளரையும்கூட. தொகுதி எல்லைகளை ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும் தந்திரத்தின் விளையாட்டு வடிவம் இது. 1812-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாண ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் அளித்த கோணல்மாணலான தொகுதி வரைபடத்தை ஒட்டி, இதற்குக் 'கெர்ரிமாண்டரிங்' என்ற பெயரே ஏற்பட்டது.

இந்தியாவில் தொகுதி மறுவரையறைக்கெனத் தனி ஆணையம் அமைக்கப்படுவதால் அத்தகைய வெளிப்படையான வளைப்புக்கு வாய்ப்பு குறைவு. இங்குள்ள சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களின் மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் முடக்கியது. 84-வது திருத்தம் அந்த முடக்கத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2024 பொதுத் தேர்தலிலும் தமிழகத்துக்கு 39 இடங்கள், உத்தரப் பிரதேசத்துக்கு 80. பலகையில் வாக்காளர் நகர்த்தப்படுகிறார். நிஜத்தில் அவர் இருந்த இடத்திலேயே இருக்க, அவரது வாக்கின் எடை மாறக்கூடும். குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திக்கொண்ட தென் மாநிலங்களின் அச்சம் அந்த எடையைப் பற்றியதுதான்.

அரசியலைக் கூர்ந்து நோக்குவது இக்குழுவினருக்குப் புதிதன்று. ஆம் ஆத்மி கட்சியின் தொடக்க நாள்களைப் பதிவு செய்த 'ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்' ஆவணப்படத்தின் தயாரிப்பாளர்களுள் ஆனந்த் காந்தியும் ஒருவர். பிரதமர் நரேந்திர மோடி, அன்றைய தில்லி முதல்வர் அரவிந்த் கேஜரிவால், முன்னாள் முதல்வர் ஷீலா தீட்சித் ஆகியோரிடம் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்றுவருமாறு 2017-ல் அப்படத்துக்குத் தணிக்கை வாரியத் தரப்பு நிபந்தனை விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்று, தடை கோரிய மனுவை உச்ச நீதிமன்றமும் நிராகரித்த பின்னரே அவ்வாண்டு நவம்பரில் படம் திரையைக் கண்டது. பலகை விளையாட்டுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை.

ஆட்டத்தில் ஆளை எடைபோடுவது பழைய வழக்கமும்கூட. 16 பேர் 64 காய்களுடன் ஆடும் ஆட்டம் ஒன்று அக்பர் அவையில் இருந்ததையும், ஆட்டங்களைக் கொண்டு மன்னர் மனிதர்களின் இயல்பை அளந்ததையும் அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் பதிந்திருக்கிறார். அதன் மறுபக்கம் லக்னௌவில் இருக்கிறது. 1856-ல் அவத் அரசு ஆங்கிலேயரிடம் பறிபோன வேளையில் சதுரங்கத்தில் மூழ்கிக் கிடந்த இரு பிரபுக்களைப் பிரேம்சந்த் கதையாக்கினார். சத்யஜித் ராய் அதை 1977-ல் படமாக்கினார்.

'ஷாஸன்' மீது சொல்லத்தக்க குறை ஒன்று உண்டு. வாக்காளர்கள் அதில் வெறும் வண்ணக் காய்கள். அவர்களாக மனம் மாறுவதில்லை. வாங்கியவரைத் தாமாகக் கைவிடுவதுமில்லை. 1977-ல் இந்திரா காந்தியைத் தோற்கடித்த ரேபரேலி வாக்காளருக்கு இந்தப் பலகையில் இடமில்லை.

இதன் தொடர்ச்சியாக 'ஆஸாதி' என்ற விளையாட்டு 2021-ல் அறிவிக்கப்பட்டது. அதில் ஆட்டக்காரர்கள் முதலில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக் கைகோக்க வேண்டும். விடுதலை கிட்டிய பின் நாட்டை ஆளப்போவது யார் என்பதற்கான போட்டியும் அதே மேசையில், அதே தோழர்களுக்கிடையே.