பழவேற்காட்டுக் கழி

கடலும் கடலைச் சார்ந்த இடமும் நெய்தல் என நம் முன்னோர் பகுத்தனர். அந்நிலத்தின் சிறந்த உறுப்பு கழியாகும். கடல்நீர் உட்புகுந்தும் ஆற்றுநீர் வந்து கலந்தும் உவர்ப்புற்று நிற்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே கழி எனப்படும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில் தொடங்கி ஆந்திர மாநிலத்துள் பெரிதும் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி இத்தகையதே. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டின் பெரிய உவர்நீர்க் கழி இதுவாகும்.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இக்கழியை வங்கக் கடலினின்றும் பிரித்து நிற்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியும் வடிந்தும் வரும். ஆரணியாறும் காளாங்கியாறும் நன்னீரையும் வண்டலையும் கொணர்ந்து சேர்க்கும். இருநீரும் கலப்பதனாலேயே இறாலும் நண்டும் மடவை மீனும் இங்குச் செழிக்கின்றன; அவற்றைக் கொண்டே கரையூர் மீனவர் வாழ்கின்றனர். எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என அவர்கள் வகுத்துக்கொண்ட முறைக்குப் 'பாடு' என்று பெயர். குளிர்காலத்தில் பூநாரைகளும் திரள் திரளாக வந்து இரை தேடும்.

இத்தகைய கழிக்கு இன்று ஒரு சோதனை நேர்ந்துள்ளது. உலகம் வெப்பமுறுவதால் நிலத்தின் மேலுள்ள பனிப்பாளங்கள் உருகிக் கடலிற் சேர்கின்றன. கடல்நீரும் வெப்பத்தால் விரிகின்றது. இக்காரணங்களால் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அவ்வுயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் அளவாயிற்று.

கடல் உயருங்கால் கழிநிலம் வாளா மூழ்கிவிடுவதில்லை. அது இருவழிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது. முதலாவது, மேலெழுதல். கண்டல் மரங்களின் வேர்களும் உமரி முதலிய உவர்நிலச் செடிகளும் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் தணிந்த நீரினின்றும் வண்டல் கீழே படிகிறது. அதனோடு வேரும் மக்கிய இலையும் சேர, நிலம் சிறிது சிறிதாக உயர்கிறது. ஆயினும் இவ்வாற்றலுக்கு எல்லையுண்டு. கடல் ஆண்டுக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் உயருமாயின் கண்டற்காடு ஈடுகொடுத்தல் அரிது என அறிஞர் கணித்துள்ளனர். இரண்டாவது, பின்வாங்கல். கடற்புறச் செடிகள் மூழ்கி அழியினும், அவற்றின் விதைகள் மேட்டுப்புறத்தில் வேரூன்றிப் புதிய கழிநிலத்தைத் தோற்றுவிக்கும்.

இவ்விரு வழிகளையும் அடைப்பவர் மனிதரே. ஆரணியாற்றின் குறுக்கே பிச்சாட்டூரில் உள்ள அணை போன்ற நீர்த்தேக்கங்களில் வண்டல் தங்கிவிடின், கழிநிலம் உயர்வதற்கு மண் ஏது? கரையை ஒட்டிச் சாலையும் இறால் பண்ணையின் வரப்பும் எழுமாயின், பின்வாங்குவதற்கு இடம் ஏது? கழிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை பலருக்குப் பிழைப்பு அளிக்கிறது. தொழிலும் வேண்டும்; கழியும் வேண்டும். ஆதலின் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் மேட்டுநிலத்திலேயே அமைந்து, இடைப்பட்ட தாழ்நிலம் வெறுமையாக விடப்படுதல் நலம்.

பயனற்ற சேற்றுநிலம் என இதனை எண்ணுதல் பெரும்பிழை. புயற்காலத்தில் ஏறிவரும் கடல்நீரைத் தன்னுள் ஏற்று, அதன் வேகத்தைத் தணிப்பது இந்நிலமே. இதனருகே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமையால் உவர்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிணறுகளைக் கெடுத்தது. இயற்கையின் எல்லையைக் கடந்தால் விளைவது யாது என்பதற்கு அதுவே சான்று. கழிக்கு மண்ணும் நன்னீரும் இடமும் விட்டுவைப்போமாயின், அது தன்னையும் காத்து நம்மையும் காக்கும்.